அதிர்வெண் மாறாது என்று எழுதிவிட்டு மாட்டிக்கொண்டேன்

இந்த இதழ் முழுக்க ஒரே விஷயம்தான், காரணம் நான் செய்த தப்பு. போன இதழில், டம்ளர் தண்ணீரில் போட்ட ஸ்பூன் ஏன் ஒடிந்த மாதிரி தெரிகிறது என்று கேட்டவருக்குப் பதில் சொல்லும்போது, போகிற போக்கில் "ஒளி எந்தப் பொருளுக்குள் நுழைந்தாலும் வேகம் மாறும், அலைநீளம் மாறும், அதிர்வெண் மட்டும் ஒருபோதும் மாறாது" என்று எழுதிவிட்டேன். எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிற வரிதான். ஆனால் அந்த "ஒருபோதும்" நானாகச் சேர்த்தது. வந்த கடிதங்களைப் பார்த்தால், நம் வாசகர்கள் மற்றதையெல்லாம் மன்னித்தாலும் "ஒருபோதும்" என்ற சொல்லை மன்னிக்கமாட்டார்கள் போலிருக்கிறது.

ஒருபோதும் மாறாதா? ஒளி உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே அந்தப் பொருளின் ஒளிவிலகல் எண் மாறினால்? அப்போதும் அதிர்வெண் அப்படியே இருக்குமா?
— முதுகலை இயற்பியல் மாணவி, கோயம்புத்தூர்

இருக்காது. மாட்டிக்கொண்டது இங்கேதான்.

நெடுஞ்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். கார்கள் எல்லாம் 80 கிலோமீட்டர் வேகத்தில், ஒன்றுக்கொன்று 80 மீட்டர் இடைவெளி விட்டு, ஒழுங்காகப் போகின்றன (நம் ஊரில் நடக்காது, கணக்குக்காக நடக்கிறது என்று வையுங்கள்). ஓரமாக நின்று எண்ணினால் மணிக்கு 1000 கார்கள் கடக்கும். ஓர் இடத்தில் ரோடு வேலை நடக்கிறது, அங்கிருந்து 40 கிலோமீட்டர்தான் போகலாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். முன்னால் போகிற கார் அந்த இடத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறைக்கும், பின்னால் வருவது இன்னும் 80-இல் வந்துகொண்டிருக்கும், அதனால் இடைவெளி 40 மீட்டராகச் சுருங்கிவிடும். ஆனால் பலகைக்கு அந்தப் பக்கம் நின்று எண்ணினாலும் மணிக்கு 1000 கார்கள்தான், ஏனென்றால் வந்த கார் எல்லாம் போயாக வேண்டும், நடுவில் காணாமல் போக வழியில்லை. கண்ணாடிக்குள் ஒளி நுழைவது இப்படித்தான். இடைவெளி என்பது அலைநீளம், மணிக்கு எத்தனை கார் என்பது அதிர்வெண். முதலாவது மாறுகிறது, இரண்டாவது மாறவில்லை.

சரி, இப்போது பலகையை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாகச் சாலை முழுக்க ஒரே கணத்தில் சோவென்று மழை கொட்டுகிறது. எல்லாக் கார்களும், எங்கெங்கே இருந்தனவோ அங்கங்கேயே, ஒரே நொடியில் 40-க்கு இறங்கிவிடுகின்றன. இடைவெளி என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே நேரத்தில் குறைத்ததால் 80 மீட்டர் 80 மீட்டராகவே இருக்கும். ஆனால் இப்போது ஓரமாக நின்று எண்ணினால் மணிக்கு 500 கார்கள்தான் கடக்கும். அலைநீளம் மாறவில்லை, அதிர்வெண் பாதியாகிவிட்டது!

நீங்கள் கேட்டது இந்த மழையைத்தான். (ஒளிவிலகல் எண் என்பது, வெற்றிடத்தைவிட அந்தப் பொருளுக்குள் ஒளியின் வேகம் எத்தனை மடங்கு குறைவு என்பதுதான்; 2 என்றால் பாதி வேகம்.) 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். அலைக்கு வெற்றிடத்தில் அலைநீளம் 3 மீட்டர். அது போய்க்கொண்டிருக்கும் இடம் முழுவதும் சட்டென்று ஒளிவிலகல் எண் 1-இலிருந்து 2-க்குத் தாவினால், 3 மீட்டர் அப்படியே இருக்கும், 100 மெகாஹெர்ட்ஸ் 50 ஆகிவிடும். இந்தக் கணக்கை எஃப்.ஆர். மார்கன்தாலர் என்ற அமெரிக்கர் 1958-லேயே ஒரு பொறியியல் ஆய்விதழில் போட்டு வைத்துவிட்டார், ஆக எனக்கு முன்னால் அறுபது வருஷத்துக்கும் மேல் அவகாசம் இருந்திருக்கிறது.

முதுகலை மாணவி என்பதால் உங்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வரி. கணித மேதை எமி நோய்தர் 1918-இல் நிறுவிய தேற்றத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். காலத்தோடு எதுவும் மாறாத இடத்தில் ஆற்றல் காக்கப்படும், இடத்துக்கு இடம் எதுவும் மாறாத இடத்தில் உந்தம் காக்கப்படும். கண்ணாடியின் விளிம்பு இடத்தில் வரும் மாற்றம், அதனால் உந்தத்தோடு சேர்ந்து அலைநீளம் போகிறது, அதிர்வெண் தப்பிக்கிறது. மழை காலத்தில் வரும் மாற்றம், அங்கே அப்படியே தலைகீழ்.

"ஒளி காலத்தில் எதிரொளித்தது, விஞ்ஞானிகள் சாதனை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. ஒளி இறந்தகாலத்துக்குத் திரும்பிப் போகுமா ஐயா? என் மாணவர்கள் கேட்டுத் துளைக்கிறார்கள்.
— ஆசிரியர், தஞ்சாவூர்

போகாது. வீடியோ போட்டவர் தலைப்பை மட்டும் படித்திருக்கிறார். ஆனால் தலைப்பில் பொய் இல்லை, "காலத்தில் எதிரொளிப்பு" என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறது, அதை உங்கள் பள்ளி மைதானத்திலேயே நடத்திக் காட்டலாம்.

பத்து மாணவர்களை வரிசையாக நடக்கவிடுங்கள். முதலில் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி: எதிரே சுவர், வரிசையின் முதல் பையன் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறான், அப்புறம் இரண்டாமவன், அப்புறம் மூன்றாமவன். கிளம்பின இடத்துக்கு முதலில் வந்து சேர்வது முதல் பையன்தான். வரிசை மாறவில்லை. இப்போது சுவர் வேண்டாம். நடந்துகொண்டிருக்கும்போதே பி.டி. வாத்தியார் விசில் ஊதி "அபவுட் டர்ன்!" என்கிறார், பத்துப் பேரும் நின்ற இடத்திலேயே திரும்பி நடக்கிறார்கள். கடைசியில் கிளம்பினவன்தான் முதலில் வந்து சேருவான். விசில் சத்தம்தான் இங்கே கண்ணாடி, அது எந்த இடத்திலும் இல்லை, ஒரு கணத்தில் இருக்கிறது.

முன்னால் ஒரு மலை இருந்து, அதைப் பார்த்து "கடலை" என்று கத்தினால் "கடலை" என்றுதான் எதிரொலி வரும். காலக் கண்ணாடி இருந்தால் "லைடக" என்று வரும், பழைய டேப்பைப் பின்னோக்கி ஓட்டின மாதிரி. (எழுத்தளவில் சொல்கிறேன், ஒலியளவில் ஒவ்வொரு எழுத்தும் உள்ளுக்குள்ளேயே புரண்டுவிடும்.) "விகடகவி" என்று கத்தினால் மட்டும் எந்தக் கண்ணாடி என்று கண்டுபிடிப்பது சிரமம். இதை மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள், மாலைமாற்று என்றால் என்ன என்பதையும் அதே வகுப்பில் நடத்திவிடலாம், தமிழாசிரியர் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால்.

இதில் எங்கேயும் யாரும் நேற்றைக்குப் போகவில்லை, கவனித்தீர்களா? பையன்களின் கடிகாரம் முன்னோக்கித்தான் ஓடுகிறது. நடந்த பாதை மட்டும் பின்னோக்கிப் போகிறது.

இன்னொன்று, மைதானத்தில் எல்லோரும் திரும்பினார்கள், அலையில் எல்லாமே திரும்பாது. ஒரு பகுதி முன்னால் போய்க்கொண்டே இருக்கும், ஒரு பகுதி திரும்பும். ஏன் திரும்ப வேண்டும் என்று உங்கள் மாணவர்களில் எவனாவது கேட்பான், அதனால் சொல்லிவிடுகிறேன். மின்காந்த அலையில் மின் பங்கும் காந்தப் பங்கும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்து போகும், அந்த விகிதம் ஊடகத்தைப் பொறுத்தது. ஊடகம் சட்டென்று மாறும்போது இரண்டு பங்குகளையும் முந்தின கணத்தில் இருந்த கணக்கிலிருந்தே தொடர வேண்டும், எகிற முடியாது. ஆனால் புது ஊடகம் புது விகிதம் கேட்கிறது. முன்னால் போகும் ஓர் அலையை மட்டும் வைத்துக்கொண்டு பழைய கணக்கையும் புது விகிதத்தையும் ஒருசேரத் தீர்க்க முடியாது, பாக்கி விழும். அந்தப் பாக்கிதான் திரும்பி வரும் அலை. ஒளிவிலகல் எண் 1-இலிருந்து 2-க்குத் தாவினால், முன்னால் போகும் அலையின் மின்புலம் பழையதில் எட்டில் மூன்று, திரும்பி வருவது எட்டில் ஒன்று.

தண்ணீர் அலையில் இதைச் செய்ய முடியுமா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்

செய்தே விட்டார்கள், பாரிஸில், 2016-இல். தொட்டித் தண்ணீரில் ஓர் இடத்தைத் தொட்டு வட்ட அலைகளை விரியவிட்டார்கள், அவை போய்க்கொண்டிருக்கும்போதே தொட்டியைச் செங்குத்தாக ஒரே ஓர் உதறு உதறினார்கள். லிஃப்ட் சட்டென்று கிளம்பும்போது உடம்பு கனத்த மாதிரி இருக்கிறதே, அதுபோல அந்தக் கணத்தில் தண்ணீருக்கு ஈர்ப்பு மாறின மாதிரிதான், அதனால் அலையின் வேகமும் ஒரு கணம் மாறுகிறது. உதறின உடனே விரிந்த வட்டங்களிலிருந்து இன்னொரு வட்டக் கூட்டம் பிறந்து, உள்நோக்கிச் சுருங்கி, முதலில் தொட்ட அதே புள்ளியில் வந்து குவிந்தது. இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இது, கண்ணாலேயே பார்க்கலாம்.

மாற்றுவதனால் அலைக்குக் கூடுதல் ஆற்றல் கிடைக்கும் என்று படித்தேன். அப்படியென்றால் இதை வைத்து இலவச மின்சாரம் எடுக்கலாமே?
— எலக்ட்ரீஷியன், ஈரோடு

வருஷத்துக்கு நாலு பேர் இலவச மின்சாரம் கேட்டு எழுதுகிறார்கள். ஆனால் நீங்கள் படித்ததில் பாதி சரி, அதனால் கோபப்படாமல் பதில் சொல்கிறேன்.

உங்கள் தொழில் சாமானிலிருந்தே ஆரம்பிப்போம். சார்ஜ் ஏறின கண்டன்சர் ஒன்று, அதே அளவுள்ள காலி கண்டன்சர் ஒன்று. இரண்டையும் பக்கவாட்டில் இணைத்தால் சார்ஜ் பாதிப் பாதியாகப் பிரியும், மொத்த சார்ஜ் குறையாது. ஆனால் ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், முன்பு இருந்ததில் பாதிதான் இருக்கும். மீதி இணைக்கும்போது வந்த பொறியிலும் ஒயர் சூட்டிலும் போய்விட்டது. இப்போது எதிர்ப்பக்கம்: சார்ஜ் ஏறின கண்டன்சரின் இரண்டு தகடுகளையும் கையால் பிடித்து இழுத்து இடைவெளியை இரட்டிப்பாக்கினால், சார்ஜ் அதேதான், ஆற்றல் இரண்டு மடங்கு! எங்கிருந்து வந்தது? தகடுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன, அந்த இழுப்பை மீறிப் பிரித்த உங்கள் கையிலிருந்து வந்தது.

அலைக்கும் இதே கதைதான். ஒளிவிலகல் எண் 1-இலிருந்து 2-க்குத் தாவினால், முன்னால் போவது, திரும்பி வருவது இரண்டையும் கூட்டினாலும் பழைய ஆற்றலில் 62.5 சதவீதம்தான் தேறும். 2-இலிருந்து 1-க்குத் தாவினால் மொத்தம் இரண்டரை மடங்கு. (பொருள் எந்த மந்தமும் இல்லாமல் உடனடியாக மாறும், நடுவில் எதையும் விழுங்காது என்று வைத்துப் போட்ட எளிய கணக்கு இது, உண்மைப் பொருள்கள் இவ்வளவு நல்லவை இல்லை.) அந்த ஒன்றரை மடங்கு அதிகத்தைக் கொடுத்தது பொருளை மாற்றிய ஆள், அதாவது ஸ்விட்ச் போட்ட சர்க்யூட். அந்த சர்க்யூட்டுக்கும் கரண்ட் பில் உண்டு.

1958-லேயே கணக்குப் போட்டுவிட்டார்கள் என்றால் பரிசோதனைக்கு ஏன் இத்தனை வருஷம்?
— வங்கி ஊழியர் (ஓய்வு), மதுரை

அவசரம்தான் காரணம். அலை ஒரு தடவை ஏறி இறங்குவதற்குள் பொருள் மாறி முடித்திருக்க வேண்டும், அதுவும் முழுப் பொருளும் ஒன்றாக. மெதுவாக மாற்றினால் அதிர்வெண் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், ஆனால் திரும்பி வரும் அலை பிறக்காது. டிரைவர் நிதானமாக பிரேக் போட்டால் பஸ் நிற்கிறது, யாரும் முன் சீட்டில் போய் மோதுவதில்லை, அந்த மாதிரி.

கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு ஒரு தடவை ஏறி இறங்க ஆகும் நேரம் சுமார் 2 பெம்டோ விநாடி. ஒரு விநாடியைக் கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடி கோடியாகப் பிரித்து, அதையும் பத்தாகப் பிரித்தால் வருவது ஒரு பெம்டோ விநாடி. அந்த நேரத்துக்குள் ஒரு பொருளின் ஒளிவிலகல் எண்ணை 1-இலிருந்து 2-க்கு மாற்று என்றால் எந்தப் பொருள் கேட்கும்? கண்ணாடியில் பலமான லேசர் அடித்தால்கூடத் தசமப் புள்ளிக்குப் பிறகு பல இடம் தள்ளித்தான் மாற்றம் தெரியும்.

அதனால் ரேடியோ அலையில் ஆரம்பித்தார்கள், அங்கே நேரம் தாராளம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரேயா அலூவின் குழு சுமார் 6 மீட்டர் உலோகப் பட்டையை வளைத்து வளைத்து ஒரு பலகையில் அடக்கி, வழி நெடுக ஸ்விட்சுகளையும் கண்டன்சர்களையும் வைத்து, அலை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லா ஸ்விட்சையும் ஒரே நேரத்தில் போட்டது. ஈரோட்டு நண்பரே, உங்கள் காலி கண்டன்சர்தான் இது, எண்ணிக்கைதான் அதிகம்! அலையின் ஒரு பகுதி வால் முன்னாகத் திரும்பி வந்தது, அதிர்வெண்ணும் மாறியிருந்தது. 2023-இல் வெளியான இந்தச் சோதனையைத்தான் தஞ்சாவூர் ஆசிரியருக்கு வந்த வீடியோ சொல்லியிருக்க வேண்டும்.

ஒளிப் பக்கத்தில் கைகொடுத்தது இண்டியம் டின் ஆக்சைடு. மதுரைக்காரரே, நீங்கள் தினமும் அதைத் தடவிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், செல்போன் தொடுதிரையில் மின்சாரம் கடத்தும் கண்ணாடி போன்ற படலம் அதுதான். அகச்சிவப்பில் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்துக்குப் பக்கத்தில் அது வினோதமாக நடந்துகொள்கிறது. லேசரால் தட்டினால் ஒளிவிலகல் எண் 0.7 அளவுக்குத் தாவுகிறது என்று கனடாவின் ஒட்டாவாவில் ராபர்ட் பாய்டின் குழு 2016-இல் காட்டியது. இந்தத் துறையில் அது சின்ன விஷயம் இல்லை.

அதே பொருளின் 40 நானோமீட்டர் படலத்தை வைத்து லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ரிக்கார்டோ சபியன்சாவின் குழு 2023-இல் செய்தது இன்னும் அழகு. பள்ளியில் யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனை படித்திருப்பீர்கள், இரண்டு கீறல்கள், அவற்றின் வழியே போன ஒளி திரையில் வெளிச்சக் கோடும் இருட்டுக் கோடுமாக விழும். இவர்கள் கீறலை இடத்தில் போடாமல் காலத்தில் போட்டார்கள். படலம் சாதாரணமாகக் குறைவாகத்தான் பிரதிபலிக்கும், லேசர் தட்டும்போது மட்டும் சட்டென்று நல்ல கண்ணாடியாகி உடனே அடங்கும். ஒரு தட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தட்டு. ஆக ஒளி எதிரொளிக்க இரண்டு குட்டித் தருணங்கள் மட்டும். கோடுகள் விழுந்தனவா? விழுந்தன, ஆனால் திரையில் இல்லை, நிறமாலையில். இடத்தில் கீறினால் ஒளி பல திசைகளில் சிதறுகிறது, காலத்தில் கீறினால் பல அதிர்வெண்களில் சிதறுகிறது. அதோடு ஒரு போனஸ்: தெரிந்த கோடுகளின் எண்ணிக்கையிலிருந்து, படலம் 1 முதல் 10 பெம்டோ விநாடிக்குள் மாறியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. அவ்வளவு வேகத்தை அவர்களே எதிர்பார்க்கவில்லை.

என் பேத்தி ஊஞ்சல் பலகையில் நின்றுகொண்டு, யாரும் ஆட்டிவிடாமலே, உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து உயரமாக ஆடுகிறாள். நீங்கள் அலை பற்றி எழுதப்போவதாகச் சொன்னீர்களாம், இதுவும் அலையில் சேருமா?
— பாட்டி, காரைக்குடி

அம்மா, இந்த மாதம் வந்த கடிதங்களில் சிறந்தது உங்களுடையது. சேரும், நேராகவே சேரும்.

யாராவது பின்னால் நின்று தள்ளிவிட்டால் அது வேறு விஷயம், வெளியிலிருந்து விசை வருகிறது. உங்கள் பேத்தியை யாரும் தொடவில்லை. அவள் செய்வதெல்லாம் ஊஞ்சலின் நீளத்தை மாற்றுவதுதான். சங்கிலியின் நீளம் அதேதான், ஆனால் அவள் எழுந்து நின்றால் உடம்பின் எடை மேலே ஏறுகிறது, ஊசல் குட்டையாகிறது, குந்தினால் நீள்கிறது. கவனித்துப் பாருங்கள், ஊஞ்சல் நடுவில் வேகமாகக் கடக்கும்போது எழுந்திருப்பாள், இரண்டு கோடியிலும் குந்துவாள். நடுவில் உடம்பு கனக்கும், அந்தக் கனத்தை மீறி எழுந்திருக்க வலு அதிகம் வேண்டும், கோடியில் குந்தும்போது அவ்வளவு திரும்பப் போவதில்லை. மிச்சம் நிற்பது ஊஞ்சலுக்கு வரவு. ஒரு முழு ஆட்டத்துக்கு அவள் எழுந்திருப்பது இரண்டு தடவை. அதாவது ஊஞ்சலின் அதிர்வெண்ணைப் போல இரு மடங்கு அதிர்வெண்ணில் ஊஞ்சலையே மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

இதே இரட்டைக் கணக்கைத் தண்ணீரில் பார்த்தவர் மைக்கேல் ஃபாரடே, 1831-இல். தட்டில் நீர்மத்தை ஊற்றி மேலும் கீழுமாக அதிரவைத்தால், தட்டின் அதிர்வெண்ணில் பாதி அதிர்வெண்ணில் மேற்பரப்பு அலையடிக்கிறது. மின்காந்த அலைக்கு வந்தால், ஊடகத்தை ஒரு தடவை மாற்றிவிட்டு நிற்காமல், அலையைப் போல இரு மடங்கு அதிர்வெண்ணில் மாற்றிக்கொண்டே இருந்தால் அலை ஊஞ்சல் மாதிரி ஏறிக்கொண்டே போகும். இப்படிக் காலத்தில் ஒரே சீராக மாறும் பொருளுக்கு "ஒளிக் காலப்படிகம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். (ஃபிராங்க் வில்செக் 2012-இல் முன்வைத்த "காலப்படிகம்" வேறு, பெயர் ஒற்றுமை மட்டும், குழப்பிக்கொண்டு எனக்கு எழுத வேண்டாம்.) இந்த உத்தியில் இயங்கும் பெருக்கிகள் 1960-களிலேயே செயற்கைக்கோள் தரைநிலையங்களில் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்க உட்கார்ந்திருந்தன. இன்றைக்கு குவாண்டம் கணினியில் கியூபிட்டின் (அந்தக் கணினியின் அடிப்படை அலகு) முணுமுணுப்பைக் கேட்பதும் இந்தக் குடும்பத்துப் பெருக்கிதான்.

அம்மா, பேத்தியிடம் இன்னொன்றும் சொல்லிப் பாருங்கள். ஊஞ்சல் துளிகூட ஆடாமல் நிற்கும்போது, நேராக நின்றபடியே குந்தி எழுந்தால் ஊஞ்சல் கிளம்பாது. முதலில் காலால் தரையில் ஒரு சின்ன உந்து கொடுத்தே ஆக வேண்டும், பூஜ்யத்தை எத்தனை பெருக்கினாலும் பூஜ்யம்தானே. அலைக்கும் அப்படித்தான், ஏதாவது ஒரு துளி அலை முதலில் இருக்க வேண்டும்.

ஆனால் இயற்கையில் முழுப் பூஜ்யம் கிடையாது, வெற்றிடத்தில்கூட குவாண்டம் சலசலப்பு கொஞ்சம் இருக்கும். 1970-இல் ஜெரால்ட் மூர் என்பவர், கண்ணாடி போதுமான வேகத்தில் ஆடினால் வெற்றிடத்திலிருந்தே ஒளி வரும் என்று கணக்குப் போட்டார். நிஜக் கண்ணாடியை அவ்வளவு வேகமாக ஆட்ட முடியாது. ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2011-இல், ஒரு மீக்கடத்திக் (மின்தடையே இல்லாத பொருள்) கம்பிப் பாதையின் நுனியில் கண்ணாடிக்குப் பதிலாக ஒரு சர்க்யூட்டை வைத்து, அதன் குணத்தை விநாடிக்குச் சுமார் 1100 கோடி தடவை மாற்றினார்கள். உள்ளே யாரும் எதுவும் அனுப்பவில்லை. மைக்ரோவேவ் ஃபோட்டான்கள் ஜோடி ஜோடியாக வெளியே வந்தன. யாரும் காலை ஊன்றி உந்தாமலே ஊஞ்சல் கிளம்பிவிட்டது.

பிரபஞ்சம் விரிவதால் ஒளி சிவக்கிறது என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?
— வாசகர், புதுச்சேரி

தூரத்துச் சொந்தம். அங்கே அண்டவெளியே இழுபட்டு விரிவதால் அலைநீளமும் சேர்ந்து நீள்கிறது. ஆதிகால வெளிச்சம் அப்படித்தான் சுமார் 1100 மடங்கு நீண்டு இன்று மைக்ரோவேவாக நம்மிடம் வருகிறது. நம் மழையில் அலைநீளம் நிற்கிறது, வேகம் மட்டும் குறைகிறது.

நான் சிற்றலை வானொலிப் பைத்தியம். இயற்கையிலேயே இப்படி மாறும் ஊடகம் ஏதாவது உண்டா?
— யாழ்ப்பாணம்

உங்கள் தலைக்கு மேலேயே உண்டு. சிற்றலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் சூரியனை நம்பி வாழ்கிறது. விடியும்போது அயனிகள் பெருகி, அலை திரும்பும் உயரம் இறங்கும், பாதை சுருங்கிக்கொண்டே வரும், அதனால் வந்து சேரும் அதிர்வெண் ஒரு துளி கூடும். அந்தி சாயும்போது ஒரு துளி குறையும். துளி என்றால் நிஜமாகவே துளிதான், 10 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஹெர்ட்ஸ், சில ஹெர்ட்ஸ் அளவு. காதுக்குத் தெரியாது, நல்ல ரிசீவரைக் கணினியில் இணைத்துப் பார்த்தால் தெரியும். அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி. என்ற நேர சமிக்ஞை நிலையத்தின் 10 மெகாஹெர்ட்ஸ் அலையை வைத்து, சூரிய கிரகணத்தின்போது அங்குள்ள ஹாம் ரேடியோக்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்து இந்த நகர்வை அளக்கிறார்கள். மாற்றம் நிதானமாக நடப்பதால் மதுரைக்காரருக்குச் சொன்ன பஸ் கதைதான், கால எதிரொளிப்பு எதுவும் கிடைக்காது.

எல்லாம் சரி, இதனால் என்ன பயன்?
— செல்போன் கடை, சென்னை

இந்தக் கேள்வி வராமல் ஓர் இதழ்கூடப் போனதில்லை.

வாக்கிடாக்கியில் ஏன் "ஓவர்" சொல்கிறார்கள்? ஒரே அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாது, தன் சத்தமே தன் காதை அடைத்துவிடும். ஒரே ஆண்டெனாவில் போவதையும் வருவதையும் பிரித்துவிட சர்க்குலேட்டர் என்று ஓர் உறுப்பு உண்டு, ரவுண்டானா மாதிரி, எல்லா வண்டியும் ஒரே பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். பொதுவாக அதற்குள் காந்தம் இருக்கும், காந்தத்தைச் சிலிக்கான் சிப்புக்குள் அடக்குவது பெரும்பாடு. காந்தம் ஏன் வேண்டும்? சாதாரணப் பொருளில் போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றுதான், அந்தச் சமச்சீரை எதையாவது வைத்து உடைக்க வேண்டும். காலத்தில் மாறும் பொருளும் அதை உடைக்கும். போகும்போது இருந்த நிலை வேறு, வரும்போது இருக்கும் நிலை வேறு, அவ்வளவுதான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நெகர் ரெய்ஸ்கரிமியானும் ஹரீஷ் கிருஷ்ணசாமியும் சிப்புக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்சுகளை முறை வைத்துத் திறந்து மூடியே காந்தமில்லாத சர்க்குலேட்டரை 2016-இல் செய்து காட்டினார்கள். கிருஷ்ணசாமி நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், உங்கள் கடையில் இதை வைத்து ஒரு ஸ்டூல் போட்டுப் பேசலாம்.

போன இதழ் வரியைத் திருத்துவீர்களா, மாட்டீர்களா?
— அதே மாணவி, கோயம்புத்தூர்

திருத்துகிறேன். "ஒளி உள்ளே இருக்கும் நேரத்தில் பொருள் மாறாமல் இருந்தால், அதிர்வெண் மாறாது." ஸ்பூன் பதிலில் மற்றதெல்லாம் அப்படியே நிற்கும், ஏனென்றால் டம்ளர் தண்ணீர் சும்மாதான் இருக்கிறது.

டம்ளரை ஆட்டினால்?
— அதே மாணவி, அதே கடிதம், பின்குறிப்பு

அதிர்வெண் அளக்கிற அளவுக்கு மாறாது. தண்ணீர் சிந்தும்.